கரண்ட் குடிக்காத வீட்டுக்கு என்ன பெயர்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் மாமா வீடு கட்டுகிறார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாகிவிட்டது. போன வாரம் போனில் கூப்பிட்டார். "மாப்ளே, ஊர்ஜ கார்யக்ஷமத மானதண்டம் எது வேணும்னு இஞ்சினியர் கேக்கறாரு. இது என்ன சாமான்?"

மாமாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது சந்தை மலையாளம், அலுவலக மலையாளம் அல்ல. 'எனர்ஜி எஃபிஷியன்சி ஸ்டாண்டர்டு' என்பதன் மலையாளம்தான் அது. தமிழில் 'ஆற்றல் திறன் செந்தரம்' என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு இதுவே தேவலை" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. 'எனர்ஜி எஃபிஷியன்சி'யை நாம் 'ஆற்றல் திறன்' என்று எழுதுகிறோம். பேச்சுத் தமிழில் ஆற்றலும் திறனும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்ன மாதிரி காதில் விழுகிறது.

'எனர்ஜி' கிரேக்கச் சொல். 'என்' என்றால் உள்ளே, 'எர்கோன்' என்றால் வேலை. அரிஸ்டாட்டில் கையாண்ட சொல்லுக்கு இன்றைய இயற்பியல் பொருளைக் கொடுத்தவர் தாமஸ் யங். அவருடைய விரிவுரைகள் 1807இல் அச்சாயின. மலையாளத்தின் 'ஊர்ஜம்' வடமொழிச் சொல். சாறு, ஊட்டம், வலிமை என்பது அதன் பழைய பொருள். நம் 'ஆற்றல்' இவை இரண்டையும்விடச் சுவையானது. ஆற்றுதல் என்றால் செய்தல். காப்பியை ஆற்றினால் சூடு தணியும். பசியாற்றினால் பசி அடங்கும். ஆற்றாமை என்றால் தாங்க முடியாமை. செய்வது, தணிப்பது, தாங்குவது எல்லாம் ஒரே வேரில். வெயில் காலத்தில் பாலக்காட்டில் ஒரு வீடு செய்ய வேண்டிய மூன்று வேலையும் இவைதான்!

'எஃபிஷியன்சி'க்கு வருவோம். லத்தீனில் செய்து முடிப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. 'கார்யக்ஷமத' அதன் நேர் பெயர்ப்பு: காரியம், அதை முடிக்கும் க்ஷமத. இந்த 'க்ஷம' என்பதற்கும் பொறுத்தல், வல்லமை என்று இரண்டு பொருள் உண்டு, நம் ஆற்றலைப் போலவே.

தமிழில் பலர் இதைச் 'சிக்கனம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஃபேனை அணைத்துவிட்டு விசிறியோடு உட்கார்ந்தால் சிக்கனம். அதே காற்று குறைந்த கரண்டில் வந்தால்தான் எஃபிஷியன்சி. ஒன்றில் நாம் எதையோ விடுகிறோம், மற்றதில் எதையும் விடுவதில்லை. இலங்கைத் தமிழர்கள் 'வினைத்திறன்' என்கிறார்கள். வினை என்ற சொல் உள்ளே இருப்பதால் அதுதான் சரியான சொல் என்பேன். பேச்சில் நமக்கு வேறு வழியும் இருக்கிறது: எண்ணெய் குடிக்கிற வடை, பெட்ரோல் குடிக்கிற வண்டி. 'கரண்ட் குடிக்காத வீடு' என்றதும் மாமா பிடித்துக்கொண்டார்.

மிச்சம் இருப்பது 'ஸ்டாண்டர்டு'. பழைய பிரெஞ்சில் போர்க்கொடிக்கு அந்தப் பெயர். படை வந்து கூடும் இடம். பிறகு அரசன் நிர்ணயித்த எடை, அளவுக்கும் அதுவே பெயராயிற்று. மலையாளத்தின் 'மானதண்டம்' அளக்கும் கோல். நமக்கும் அது புதிதல்ல. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தவர்கள் சோழர் காலத்தவர்கள். கேரளத்து ஆசாரியின் முழக்கோல் 24 விரல், அதாவது 72 சென்டிமீட்டர். 'செந்தரம்' நல்ல ஆக்கம்தான், செந்தமிழில் வருகிற அதே 'செம்'. ஆனாலும் என் ஓட்டு 'அளவுகோலு'க்கு.

சரி, எந்தக் கோல்? இஞ்சினியர் இரண்டைச் சொல்லியிருந்தார். ஒன்று ஜெர்மனியின் 'பாசிவ்ஹவுஸ்', மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீட்டுக்கான கோல். 1990-91இல் டார்ம்ஸ்டாட் நகரில் முதல் வீடுகள் எழுந்தன. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'செயலற்ற வீடு' ஆகி, ஆள் இல்லாத வீடு போல ஒலிக்கும். 'பாசிவ்' என்பதன் லத்தீன் வேரும் தாங்கு, படு என்பதே. 'தாங்கும் வீடு' என்றால் போதும்.

மற்றது நம் நாட்டு வீடுகளுக்கான 'எகோ நிவாஸ் சம்ஹிதா'. 2018 டிசம்பரில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கொண்டுவந்தது, ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் கொடுக்கிற அதே அமைப்பு. சம்ஹிதா என்றால் சேர்த்து வைத்தது, தமிழில் 'விதித்தொகுப்பு'.

இரண்டிலும் 15 என்ற எண் வரும், குழம்ப வேண்டாம். ஜெர்மன் கோலில் அது வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஆகும் யூனிட்டின் உச்சவரம்பு. கொழிஞ்சாம்பாறையில் வீட்டை எவன் சூடாக்குவான்? நம் கோலில் அது சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பத்தின் வரம்பு, சதுர மீட்டருக்கு 15 வாட். கூரைக்குத் தனி வரம்பு உண்டு. மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அதில் தேறாது.

மாமாவுக்கு வேண்டியது இரண்டாவதுதான். இத்தனைக்கும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. 2018இல் வந்த மத்திய விதி 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் தொடங்கியது, அதாவது 12 சென்டுக்குக் கொஞ்சம் மேல். மாமாவிடம் இருப்பது 6 சென்ட். ஆனாலும் ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கேரளம் போன்ற வெப்ப ஈரப் பகுதியில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 1,200 சதுர அடிக்கு 200 சதுர அடி. ஸ்லைடிங் ஜன்னலில் திறக்கிற பாதிதான் கணக்கு.

மறுநாள் திரும்பக் கூப்பிட்டார். பிளானில் கூட்டிப் பார்த்தாராம், 110தான் வந்ததாம். "கொழம்பு வைக்கிற ரூம்லயும் ஸ்லைடிங்தான் போட்டிருக்கான் மாப்ளே. மாத்தச் சொல்லிட்டேன்."