ஊசி எடுத்த பிறகும் வேலை இருக்கிறது

"ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல, மேமோகிராம்லயும் இல்ல. அப்புறம் எதுக்கு டாக்டர் ஊசி?" மார்பக எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோடு என் அறைக்கு வருகிறவர்கள் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. மார்பக எம்ஆர்ஐயில் கேடோலினியம் மருந்தை ரத்தக் குழாயில் செலுத்துகிறோம். ரத்த ஓட்டம் கூடுதலாக உள்ள இடம் அதில் பளிச்சென்று தெரியும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேவுக்கும் பிடிபடாதது இப்படித்தான் பிடிபடுகிறது. பிடிபட்டதெல்லாம் புற்றுநோயும் அல்ல. பயாப்சி, அதாவது ஊசியால் சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது, செய்ததில் பாதிக்கு மேல் சாதாரணமானவை என்றுதான் வருகின்றன.

உடனே எம்ஆர்ஐ பயாப்சிக்கு ஓட வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் அல்ட்ராசவுண்டில் மறுபடி தேடுவேன். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் பல நேரம் கிடைத்துவிடும். கிடைத்தால் அதிலேயே ஊசி. நேரமும் செலவும் மிச்சம்.

கிடைக்கவில்லையென்றால்தான் எம்ஆர்ஐ. குப்புறப் படுக்க வேண்டும். படுக்கையிலுள்ள திறப்பு வழியே தொங்கும் மார்பகத்தை, கட்டம் கட்டமாகத் துளையுள்ள தட்டால் அழுத்தி அசையாமல் நிறுத்துவோம். ஒரு கட்டத்தில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை வைப்பது வழக்கம். ஆமாம், மருந்துக்கடையில் விற்கும் அதே எண்ணெய் மாத்திரைதான்! அது படத்தில் வெள்ளையாகத் தெரியும். அங்கிருந்து எத்தனை கட்டம் தள்ளி, எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டு, படுக்கையை வெளியே இழுத்து, மரத்துப்போக மருந்து போட்டு, சதையை உறிஞ்சி வெட்டும் ஊசியால் துண்டுகள் எடுக்கிறோம். எடுத்த இடத்தில் எள்ளளவு டைட்டானியம் கிளிப் ஒன்றை விட்டுவருவோம். விமான நிலையத்தில் அது மணியடிக்காது, பயப்பட வேண்டாம். ஊசியைவிடக் கழுத்தும் தோளும்தான் வலித்தன என்பார்கள் பலர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி எடுக்க வந்த அன்று சில நேரம் அந்த இடம் பளிச்சிடவே பளிச்சிடாது. தட்டு இறுக்கியதில் கேடோலினியம் போய்ச் சேராமலும் இருக்கலாம். தளர்த்திவிட்டு மறுபடி பார்ப்போம். அப்போதும் இல்லையென்றால் ஊசி கிடையாது. சில மாதம் கழித்து இன்னொரு எம்ஆர்ஐ.

எனக்கு உறுத்துவது பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகு நடப்பது. மேமோகிராம் பார்த்து, மார்பகத்தில் படிந்த சுண்ணாம்புத் துகளை எடுத்தால், எடுத்த துண்டையே எக்ஸ்ரே பிடித்துத் துகள் வந்துவிட்டதா என்று பார்த்துவிடலாம். எம்ஆர்ஐயில் அதற்கு வழியில்லை. வெளியே வந்த சதையில் ரத்த ஓட்டம் ஏது, பளிச்சிட? அதனால் துண்டைச் சோதித்து எழுதும் பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் எம்ஆர்ஐ படத்தையும் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஒரு அம்மா "புற்றுநோய் இல்லை" என்ற தாளை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு மகள் கல்யாண வேலையில் இறங்கிவிட்டார். படத்தில் நான் பார்த்ததோ புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும், நாலாபக்கமும் முள் நீட்டிய ஒரு புள்ளி. அதற்கும் அந்தத் தாளுக்கும் பொருந்தவேயில்லை. போன் செய்து, ஊசி இடம் தவறியிருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கல்யாணம் முடிஞ்சு வரட்டுமா டாக்டர்?" வேண்டாம், இந்த வாரமே வாங்கம்மா என்றேன். வந்தார். அறுவை சிகிச்சையில் அந்த இடத்தையே எடுத்தார்கள். சின்னப் புற்றுதான், அக்குளுக்குப் பரவியிருக்கவில்லை. தையல் பிரித்த மறுவாரம் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார்.