ரெட்டைப் பிள்ளை, வீட்டில் ஓய்வு: அரசு தருவது என்ன, வீட்டார் செய்ய வேண்டியது என்ன?

ஸ்கேனில் ரெட்டைப் பிள்ளை என்று தெரிந்ததுமே சுகாதாரத் துறைப் பதிவில் அந்தத் தாய் 'அதிக ஆபத்துள்ள கர்ப்பிணி' ஆகிவிடுகிறார். கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தக் குறி விழுந்தால்தான் கூடுதல் பரிசோதனையும், முன்கூட்டியே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதும் நடக்கும். 'கண்ணு பட்டுடும்' என்று நர்சம்மாவிடம் சொல்லாமல் இருப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

முதலில் ஓய்வு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ரெட்டைப் பிள்ளை என்பதற்காகவே மாதக்கணக்கில் கட்டிலோடு கிடப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டவில்லை. அப்படிக் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். ஆகவே மருத்துவர் 'ரெஸ்ட் எடும்மா' என்றால் எவ்வளவு நடக்கலாம், மாடி ஏறலாமா, எந்த வேலையை விட வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் கரையில் பெரும்பாலும் விட வேண்டியவை தெரிந்தவைதான்: தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீர் கொண்டுவருவது, கருவாட்டுக் கூடை தூக்குவது, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி பறிக்கக் கடலுக்குள் இறங்குவது. மிதவைக் கயிற்றில் பாசி கட்டும் வேலை கரையில் உட்கார்ந்து செய்வதுதானே என்பார்கள். வெயிலில் மணிக்கணக்கில் குத்த வைத்து உட்காருவதும் வேலைதான்.

'வீட்டில் ஓய்வெடுப்பவருக்குச் சம்பளம்' என்று தனியாக ஒரு திட்டம் இல்லை. இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும், 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். பெட்டகத்தில் சத்து மாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், தாய்க்கு 19 வயது நிறைவு, முதல் இரண்டு பிரசவம், 12 வாரத்துக்குள் பதிவு, அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆகியவை முக்கிய நிபந்தனைகள். பிள்ளை இரண்டு என்பதால் தொகை இரட்டிப்பாகாது, கணக்கு கர்ப்பத்துக்குத்தான்.

இப்போதைய முறையில் பணம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. கவனித்தீர்களா? உண்மையில் வேலையை விட்டு உட்கார வேண்டிய ஆறு, ஏழு, எட்டாம் மாதங்களில் ஒரு தவணையும் இல்லை. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும் அந்த மாதங்களில் வந்து சேர்ந்தால் விசைப்படகை நம்பிய வீட்டில் இரண்டு வருமானமும் நின்றுவிடும். முதல் தவணையைச் செலவழிக்கும் முன் காலண்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பணம் தாயின் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கே வரும். கணவர் கணக்கு உதவாது. கணக்கு இல்லாதவர்கள் நடமாட்டம் சிரமமாகும் முன்பே திறந்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தால் கிடைக்கும், இணையத்திலும் பதியலாம். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி நடக்கிறது: வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள்; இந்த ஊர் நர்சம்மாவின் பட்டியலில் பெயர் இருக்கும், அந்த ஊர் நர்சம்மாவுக்குத் தெரியாது. தொண்டியில் பதிந்துவிட்டு பாம்பனுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். புதிதாகப் பதிய வேண்டாம், பழைய எண்ணே தொடரும்.

வங்கிப் பாஸ்புக் நகல் கொடுப்பது போன்ற அலைச்சலை மாமியாரோ கணவரோ பார்த்துக்கொள்ளலாம். பரிசோதனைக்குத் தாய் நேரில் போயே ஆக வேண்டும். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் மருத்துவரே பார்க்கும் இலவசப் பரிசோதனை உண்டு. ஆனால் ரெட்டைப் பிள்ளைக்கு மாதம் ஒருமுறை போதாமல் போகலாம். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகச் சொல்ல முடியும். ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தேவைப்படும். ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி விவரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் தயக்கம் வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் பழகிய இடம்தான், ஆனால் ரெட்டைப் பிள்ளைக்கு அறுவை வசதியும் இரத்தமும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் ஒரே இடத்தில் வேண்டும். அதற்குத்தான் சீமாங் எனப்படும் அவசரப் பிரசவ, பச்சிளம் குழந்தைச் சிகிச்சை மையங்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அப்படிப்பட்டது. இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், நடுவில் பாம்பன் பாலம். வலி வந்த பிறகு யோசிக்கும் தூரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் கொஞ்சம் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரத்தக்கசிவு, நீர் உடைதல், வயிறு விட்டு விட்டு இறுகுவது, விடாத தலைவலி, கண் மங்குவது, முகம் கை வீங்குவது, பிள்ளை அசைவு குறைவது: இதில் எது வந்தாலும் 108. இரவு, ஞாயிறு என்று பார்க்க வேண்டாம். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

செலவுக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரமத்தின்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ எதற்கும் கட்டணம் இல்லை. மருந்து, பரிசோதனை, இரத்தம், வேறு மருத்துவமனைக்கு மாற்றும் வண்டி எல்லாம் இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள்வரை. ரெட்டைக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறப்பது சகஜம் என்பதால் அடுத்தது இன்னும் முக்கியம்: குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வயதுவரை அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் இதில் அடங்கும்.

இறால் கம்பெனி, கடை, பள்ளி என்று சம்பள வேலையில் இருப்பவருக்கு மகப்பேறு விடுப்புச் சட்ட விதிகள் தனி. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு. அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால் மருத்துவச் சான்றுடன் இன்னும் ஒரு மாதம் உண்டு. பலர் கேட்காமலே விடுவது இந்த ஒரு மாதத்தைத்தான். ஏற்கெனவே உயிருடன் இரண்டு பிள்ளைகள் இருந்தால் 26 வாரம் 12 ஆகிவிடும். முதல் பிரசவத்திலேயே ரெட்டை பிறந்தவர்கள் அடுத்த முறை இதை நினைவில் வைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோ பேசாதீர்கள். வார்டு நர்சிடம் சொன்னால் 102 வண்டி தாயையும் பிள்ளைகளையும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும், அதற்கும் காசு இல்லை.