சும்மா பேசத்தானே செய்கிறார்கள்?

போன வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் மனநல ஆலோசனைக் குழுவிலிருந்து இன்னொருவர் விலகினார். இந்தக் கல்வியாண்டில் மூன்றாவது ஆள். ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று இருந்தது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சாவியையும் அடையாள அட்டையையும் என் மேசையில் வைத்துவிட்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "மேம், அந்த வெள்ளிக்கிழமைப் பொண்ணோட ஃபைலை மட்டும் சீக்கிரம் யார்கிட்டயாவது கொடுத்துடுங்க" என்றார்.

அவர் போன பிறகு அவருடைய காலண்டரைத் திறந்து பார்த்தேன். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 9, 10, 11, 12. பிறகு 1:30, 2:30, 3:30, 4:30. எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 50 நிமிடம். நடுவில் கிடைக்கிற பத்து நிமிடத்தில் குறிப்பு எழுத வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அடுத்து வருபவரின் பழைய குறிப்பைப் புரட்ட வேண்டும், இப்போதுதான் அழுதுவிட்டுப் போன பையனின் முகத்தை மனதிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். அடுத்த நாளும் இதே எட்டு. அதற்கடுத்த நாளும்.

இந்தக் காலண்டருக்குச் சரி என்று சொன்னது நான்தான். அதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். தேர்வு நெருங்கிய நேரம், காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. "ரெண்டு வாரத்துக்கு மட்டும் சமாளிங்க" என்றேன். அந்த இரண்டு வாரம் முழுப் பருவமாக நீண்டது. யாரும் புகார் சொல்லவில்லை. புகார் சொல்லாததை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு அப்படி ஒரு முடிவுக்கு வந்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சரி, இப்போது நிர்வாகத்தின் பக்கம். ஆள் பற்றாக்குறை என்று கேட்கப் போகும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "ஒரு டாக்டர் காலையில மட்டும் முப்பது பேரைப் பார்த்துடுறார் மேடம். உங்க ஆளுங்க சும்மா பேசத்தானே செய்றாங்க? இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க."

சும்மா பேசுகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் பாதி வேலை நேரம் போயிருக்கும். இன்னொரு முறை சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆலோசகரின் வேலை அறிவுரை சொல்வது என்று நினைக்கிறீர்கள். அறிவுரைதான் வேலை என்றால் உங்கள் கணக்கு சரி. ஒரு நாளைக்கு இருபது பேருக்கும் சொல்லலாம். ஆனால் எங்களிடம் வருகிற மாணவர் ஏற்கெனவே அறிவுரையில் மூழ்கித்தான் வருகிறார். அப்பா சொல்லியிருப்பார், அறைத்தோழன் சொல்லியிருப்பான், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். "மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று இன்னொருவர் சொல்வதற்காக யாரும் வாசல்வரை நான்கு முறை வந்து திரும்பிப் போய், ஐந்தாவது முறை உள்ளே வருவதில்லை.

எங்கள் அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் காட்டுகிறேன். (பல பேருடைய விவரங்களைக் கலந்து மாற்றித்தான் சொல்கிறேன்.) மாணவி வருகிறார். "தூக்கம் வரல, படிச்சது நிக்கல." தேர்வு பயம். முப்பத்தைந்து நிமிடம் அதைப் பற்றியே பேச்சு. நாற்பத்தைந்தாவது நிமிடம் பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறார். எழுந்து நின்றபடி, சிரித்துக்கொண்டே, "நான் இல்லைன்னா வீட்டுக்குச் செலவாவது மிச்சம்" என்கிறார்.

அந்த வாக்கியத்தில்தான் எங்கள் வேலை இருக்கிறது. அதைக் கேட்டவுடன் ஆலோசகர் "உட்காருங்க" என்று சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். திட்டம் இருக்கிறதா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இன்றிரவு பக்கத்தில் யார் இருப்பார்கள், அவருக்குத் தெரியுமா? பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த எண்ணம் வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். தேவையானால் மனநல மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். 50 நிமிட அமர்வு ஒன்றரை மணி நேரமாகிவிடும். வெளியே அடுத்தவர் காத்திருப்பார்.

காலையில் முதல் அமர்வில் அந்த வாக்கியம் எந்த நல்ல ஆலோசகரின் காதுக்கும் தப்பாது. எட்டாவது அமர்வில், 5:15 மணிக்கு? "சரி, அடுத்த வாரம் பேசலாம்" என்று அவரும் சிரித்து அனுப்பிவிடக்கூடும். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குக் கேட்கும் சக்தி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சம்பளம் கொடுத்து நீங்கள் வாங்கி வைத்திருப்பது அந்தக் கேட்கும் சக்தியைத்தான். பேச்சு எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று கெஸ்லர் குழுவினரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 15 முதல் 29 வயதினரின் மரணக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடம். அதாவது நோய் தலைகாட்டும் வயதுக்குள்தான் பல்கலைக்கழக வயதும் வருகிறது. "இந்தக் காலத்துப் பசங்க வீக்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

எத்தனை பேர் இருந்தால் போதும் என்று கேட்பார்கள். ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் தரும் பன்னாட்டு ஆலோசனைச் சேவைகள் சங்கம் 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்று பரிந்துரைத்து வந்திருக்கிறது. அது ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. ஆள் கணக்கைவிட, ஒரு ஆள் தலையில் எத்தனை கேஸ் என்பதுதான் எனக்கு முக்கியம். நான் இப்போது வைத்திருக்கும் வரம்பு ஒரு நாளைக்கு ஐந்து அமர்வு. நெருக்கடி வந்தால் ஆறு, அதுவும் அடுத்தடுத்த நாள் கிடையாது. மீதி நேரம் சும்மா இருப்பதற்கு இல்லை ஐயா. குறிப்பு எழுத, தொலைபேசியில் பேச, திடீரென்று கதவைத் தட்டுபவரைப் பார்க்க. தீயணைப்பு வண்டி நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து, "இது ஏன் சும்மா நிற்கிறது, தண்ணீர் லாரியாக ஓட்டலாமே" என்று யாரும் கேட்பதில்லை.

விலகியவர் சொன்ன அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 4:30 அமர்வு, அன்றைய எட்டாவது. குறிப்பில் மூன்றே வார்த்தை: "தேர்வு பயம். தொடரணும்." அதே மாணவி சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஆலோசகரின் சொந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. கொடுத்திருந்தார், ஏனென்றால் அலுவலக நேரத்துக்குப் பிறகு அழைக்க வேறு எண்ணை நாங்கள் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிவரை தனியாகப் பேசித் தூங்க வைத்திருக்கிறார். ஞாயிறு முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது திங்கள் மதியம். "உங்களை ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனைச்சேன் மேம்" என்றார்.

மாணவி நலமாக இருக்கிறார். ஆலோசகர்தான் அதன் பிறகு மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை.

ஆபத்தைத் தனி ஆளாகச் சுமக்க விடுவதைப் போலக் கொடுமை வேறில்லை. எங்கள் துறையில் எல்லோரும் படிக்கிற டாராசாஃப் வழக்கு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொல்கிறார். சிகிச்சையாளர் வளாகக் காவலர்களுக்குச் சொல்கிறார், கடிதமும் எழுதுகிறார். காவலர்கள் பிடித்து விசாரித்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணிடமோ குடும்பத்திடமோ யாரும் சொல்லவில்லை. 1969இல் அவர் கொல்லப்பட்டார். குறிவைக்கப்பட்டவரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. வகுப்பில் இதை ரகசியக் காப்பின் எல்லை என்ற தலைப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். குழுவை நடத்துகிறவளாக எனக்கு உறுத்துவது வேறு இடம்: சிகிச்சையாளர் வேலை பார்த்த மனநலத் துறையின் தலைவர் அந்தக் கடிதத்தையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார், மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்றும் உத்தரவிட்டார். அறைக்குள் இருந்தவர் சரியாகத்தான் கேட்டார். அவருக்கு மேலே இருந்த ஏற்பாடுதான் கைவிட்டது.

ரகசியம் என்றதும் துறைத்தலைவர்களிடமிருந்து வரும் போன் ஞாபகத்துக்கு வருகிறது. "எங்க டிபார்ட்மென்ட் பையன் அங்க வந்தானா?" வந்தாரா இல்லையா என்பதையே நான் சொல்ல மாட்டேன். கோபித்துப் பயனில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் நானே உங்களைத் தேடி வருவேன், அதுவும் தேவையான அளவு மட்டும் சொல்லி. மாதா மாதம் பெயர்ப் பட்டியல் கேட்கிறவர்களுக்கும் இதே பதில். எண்ணிக்கை தருகிறேன், பெயர் வராது. ஒரே ஒரு பெயர் வெளியே கசிந்தாலும் அடுத்த வாரம் எங்கள் வரவேற்பறை காலியாகிவிடும், நீங்களும் "யாரும் வரலையே, எதுக்கு இத்தனை ஆள்?" என்று கேட்பீர்கள்.

அடுத்தது சூப்பர்விஷன். வருகைப் பதிவேடு பார்ப்பதற்கு அந்தப் பெயர் இல்லை. ஆலோசகர் தன் கேஸ்களை இன்னொரு அனுபவசாலியிடம் எடுத்துப் போய், "இங்கே நான் தடுமாறினேன்" என்று விரித்து வைக்கும் இடம் அது. பிரிட்டனின் ஆலோசகர் சங்கமான பி.ஏ.சி.பி. தன்னிடம் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இருபது வருடம் அனுபவம் உள்ளவருக்கும் அதே விதி. நானே என் ஆட்களுக்கு சூப்பர்விஷன் செய்துகொண்டிருந்தேன், அது தப்பு. அவர்களுக்கு விடுப்பு தருவதும் ஆண்டு மதிப்பீடு எழுதுவதும் நான்தான். என்னிடமே வந்து "கோட்டை விட்டுட்டேன் மேம்" என்று எப்படிச் சொல்வார்கள்? வெளியாள் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

பணம் ஒதுக்கச் சொன்னால், ஆலோசகர்களுக்கு மன அழுத்த மேலாண்மை வகுப்பு ஏற்பாடு செய்து தருகிறார்கள்! அந்த வகுப்பை நடத்துவதே எங்கள் ஆட்கள்தான். பர்ன்-அவுட் என்பதை, அதாவது வேலைச் சுமையில் ஆள் தீர்ந்துபோவதை, உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றுதான் வரையறுத்தது. அப்படியென்றால் வேலையைத்தான் சரிசெய்ய வேண்டும். அறிகுறி எது என்று கேட்கிறீர்களா? களைப்பைத் தேடாதீர்கள், களைப்பை எல்லோரும் மறைத்துவிடுவார்கள். நல்ல ஆலோசகர் ஒருவர் "இன்னொரு பிரேக்-அப் கேஸ்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பிக்கும் நாளைக் கவனியுங்கள். மாணவர் அவருக்கு ஆளாகத் தெரியாமல் கேஸாகத் தெரிய ஆரம்பித்துவிட்டார்.

குழு நடத்துகிறவர்களுக்கு, சுருக்கமாக. வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு மேல் புது ஆளுக்கு முதல் அமர்வு வைக்காதீர்கள். நாலு மணிக்கு எல்லோரும் இருபது நிமிடம் உட்கார்ந்து, வார இறுதியில் கவலைக்குரியவர் யார் யார் என்று பேசிவிட்டுக் கலையுங்கள். அலுவலகத்துக்கென்று ஒரு போன், முறை வைத்து ஒருவர் கையில் இருக்கட்டும். மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்விப் படிவம் கொடுப்பவர்கள் அதைக் கொடுத்த அன்றே பாருங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மாணவர் அங்கே "ஏறக்குறைய தினமும்" என்று குறித்துவிட்டுப் போக, படிவம் திங்கள்வரை தட்டில் கிடந்த கதை எனக்குத் தெரியும். படிக்க ஆளில்லை என்றால் படிவமே கொடுக்காதீர்கள். "எதுவும் செய்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கி ஃபைலில் வைக்கும் பழக்கம் இன்னுமா போகவில்லை? அது காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தைப் பழகுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள், இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். 2005இல் நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள்; கேட்டதால் கேடு எதுவும் வரவில்லை. கேளுங்கள், கேட்டுவிட்டு மாணவரோடு எங்கள் வாசல்வரை நடந்து வாருங்கள். "போய் கவுன்சலிங் எடு" என்று தண்டனை மாதிரி அனுப்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாணவியின் ஃபைலை நானே எடுத்துக்கொண்டேன். நேற்று காலை 11 மணிக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பையை மடியிலிருந்து இறக்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அக்கா இனிமே வர மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்றேன்.

"அப்போ நான் எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணுமா?"