விடை கிடைக்காத ‘ஏன்?’

நம்பியிருந்த ஒருவர் மனம் நோகும்படி பேசிவிட்டுப் போய்விடுகிறார். அவர் சொன்ன சொல்லைக்கூட மறந்துவிடலாம்; ‘ஏன் அப்படிச் சொன்னார்?’ என்ற கேள்விதான் இரவில் தூங்க விடுவதில்லை.

இந்தத் தேடல் நம் இயல்பிலேயே ஊறியது. 1944-இல் உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் சிறு படம் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அதில் ஒரு கதையைக் கண்டார்கள். பெரிய முக்கோணத்தை முரடனாக்கினார்கள். வெறும் கோடுகளுக்கே உள்நோக்கம் கற்பிக்கும் மனம், நம்மைக் காயப்படுத்தியவரை எளிதில் விட்டுவிடுமா?

ஆனால் நாம் தேடும் விடை அவரிடமாவது இருக்கிறதா? 2005-இல் சுவீடனில் பெட்டர் ஜொஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் நடத்திய சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இரண்டு முகப் படங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு, தேர்ந்தெடுத்த படத்துக்குப் பதிலாக மற்றதைக் கமுக்கமாகக் கையில் கொடுத்து, ‘இது ஏன் பிடித்தது?’ என்று கேட்டார்கள். பெரும்பாலோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்குத் தயங்காமல் காரணம் அடுக்கினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனம் அந்த நொடியில் புனைந்ததை உண்மையென்றே நம்பினார்கள். நம்மை நோகடித்தவரை நேரில் நிறுத்திக் கேட்டாலும், இப்படிப் புனைந்த பதிலே கிடைக்கக்கூடும்.

இதற்கிடையே விலை கொடுப்பது நம் உடல். புண்படுத்தியவரை மனக்கசப்போடு நினைத்துப் பார்க்கச் சொன்னபோது இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடியதை ஷார்லட் விட்வ்லியட் குழுவினர் 2001-இல் பதிவுசெய்தார்கள்.

தீங்கு இன்னும் தொடர்கிறதென்றால் முதலில் விலகிப் பாதுகாப்பைத் தேட வேண்டும்; மனப்பயிற்சி பிறகுதான். முடிந்துபோன காயத்துக்கு ஈதன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக் ஆகியோரின் ஆய்வுகள் ஒரு வழி காட்டுகின்றன. அந்த நிகழ்வுக்குள் மறுபடி மூழ்காமல், சற்றுத் தள்ளி நின்று, அங்கே இருக்கும் தன்னையே வேறொருவரைப்போலப் பார்ப்பது. இப்படிப் பார்த்தவர்களிடம் கொந்தளிப்பு குறைந்தது. அவர்களிடமும் ‘ஏன்’ என்றுதான் கேட்டார்கள். ஆனால் ‘அவர் ஏன் அப்படிச் செய்தார்?’ என்றல்ல, ‘உங்களுக்குள் ஏன் அந்த உணர்வு எழுந்தது?’ என்று.