மாட்டுக்கொட்டகைக்கு நோட்டீஸ் வந்தால் மடித்து வைக்காதீர்கள்

இந்த ஆண்டில் என்னிடம் வரும் நான்காவது வழக்கு இது. கொட்டகை தொல்லையாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் கொடுத்த புகாரில் கோட்டாட்சியர் அனுப்பிய நோட்டீஸைப் புண்ணாக்கு மூட்டைகளுக்கு இடையில் செருகிவைத்த விவசாயி ஒருவர், கொட்டகையை அகற்றும்படி இறுதி உத்தரவு வந்த பிறகே, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிய அந்தத் தாளோடு வந்தார். விசாரணைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "எங்க தாத்தா காலத்துக் கொட்டகைங்க. அவங்க நேத்து வீடு கட்டி வந்தவங்க" என்றார்.

இந்த நம்பிக்கைதான் நம் விவசாயிகளைக் கெடுக்கிறது. முன்பே இருந்தவர் என்பதற்காகவே ஒருவரைச் சட்டம் காப்பாற்றிவிடாது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படிப்பட்ட தொல்லை வழக்குகளிலிருந்து விவசாயிகளைக் காக்கத் தனிச் சட்டங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. இங்கிலாந்தில், 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடையில் உரலில் இடித்துவந்த மிட்டாய்க்காரர் மீது, பின்னால் ஆலோசனை அறை கட்டிய மருத்துவர் அந்தச் சத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1879இல் மருத்துவரே வென்றார். நம் நீதிமன்றங்களும் அந்த வழியையே பின்பற்றுகின்றன.

உண்மையான பாதுகாப்பு விசாரணையில்தான் இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்ற வகைசெய்யும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 133) முதலில் வருவது வெறும் நிபந்தனை உத்தரவு: அகற்று, இல்லையேல் வந்து ஆட்சேபனையைச் சொல் என்பதுதான் அது. நீங்கள் ஆஜராகி ஆட்சேபித்தால், கோட்டாட்சியர் சாட்சியம் பதிவு செய்தே தீர வேண்டும்; போகாவிட்டால் அதுவே இறுதியாகிவிடும். ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் எரிச்சல் பொதுத் தொல்லை ஆகாது. காய்கறி ஏலத்தின் சத்தம் அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் என்பதற்காக மட்டும் இந்தப் பிரிவைக் கொண்டு அத்தொழிலைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லியிருக்கிறது. தாத்தா காலத்துக் கதையைவிட இந்தத் தீர்ப்பு உங்களுக்கு அதிகம் உதவும்.

நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, அன்றைக்கே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடங்கல், மின் இணைப்பு ரசீது, கால்நடை மருத்துவரின் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சாணக்குழியை மூடுங்கள், மழைக்காலத்தில் கோமியமும் சாணிக்கரைசலும் தெருவாய்க்காலில் கலந்தால், எந்த வழக்கறிஞராலும் உங்களுக்காக வாதாட முடியாது. செய்த சீர்திருத்தத்தைத் தேதியோடு படமெடுத்து வைத்தால், அதைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யலாம்.

அந்த விவசாயிக்காகச் சீராய்வு மனு தாக்கல் செய்திருக்கிறேன். முதல் விசாரணை நாளில் அவர் வந்திருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கக்கூடியதை, இப்போது ஏழு கறவை மாடுகளைப் பிறர் தோட்டத்தில் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் அலைந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து, முதல் தாள் வந்தவுடனேயே வாருங்கள்.