செய்பணி: ‘டூ-டூ லிஸ்ட்’டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி ஆபீசுக்குப் போனாலும், காலை டீ வருவதற்குள் இந்தச் சொல் காதில் விழுந்துவிடும். “அண்ணா, அந்த நீலக் கலர் லேப் டிப் இன்னைக்கு அனுப்பணுங்க, டூ-டூ லிஸ்ட்ல போட்டுக்குங்க.” (லேப் டிப் என்றால் நிறம் சரியா என்று பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரி.) டைரியில் எழுதியது போய் இப்போது டோடோயிஸ்ட், டிரெல்லோ, கூகுள் டாஸ்க்ஸ் என்று போனிலேயே எழுதுகிறோம். கருவியோடு பெயரும் சேர்ந்தே வந்துவிட்டது. அதைத் தமிழில் ‘செய்பணிப் பட்டியல்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

முதலில் லிஸ்ட். ஆங்கிலத்தில் இதன் பழைய பொருள் துணியின் ஓரம், கரை. ஜெர்மானிய மொழிகளில் பிறந்த சொல். கரை என்ற பொருளிலிருந்து துணிக்கீற்று, அப்புறம் நீளவாக்கில் வெட்டிய காகிதக் கீற்று, கடைசியில் அந்தக் கீற்றில் வரிசையாக எழுதிய பெயர்கள் என்று பொருள் நகர்ந்தது. சென்னிமலைத் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதைப் படித்தபோது எனக்கு அமுச்சி (அம்மாவின் அம்மா) ஞாபகம்தான் வந்தது. சந்தைக்குக் கிளம்பும் முன் சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஒரு முடிச்சு கல்லுப்புக்கு, இன்னொன்று மாட்டுக்குக் கயிறு வாங்க. வாங்க வாங்க ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். திரும்பி வந்து திண்ணையில் உட்காரும்போது ஒரு முடிச்சு மிச்சம் இருந்தால், “அடக் கடவுளே, கயித்த மறந்துட்டனே கண்ணு” என்பார். துணியின் ஓரத்தில் ஒரு முழு லிஸ்ட்!

அடுத்து, லிஸ்டில் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் பெயரான டாஸ்க். இந்தச் சொல்லுக்கும் வரி என்னும் பொருள்கொண்ட டாக்ஸுக்கும் மூலம் ஒன்றே. இடைக்கால லத்தீனில் ‘டாக்ஸா’ என்று இருந்தது எழுத்து இடம் மாறி ‘டாஸ்கா’ ஆயிற்று. வரி போல ஒருவர் மேல் சுமத்தப்பட்ட வேலை என்று பொருள். நம் ‘பணி’யும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பணித்தல் என்றால் கட்டளையிடுதல். ஆகவே டாஸ்க்குக்குப் பணி என்பது நன்றாகவே பொருந்துகிறது.

‘டூ-டூ’தான் சிக்கலான இடம். ‘செய்ய வேண்டியவை’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் நீளம். ‘நினைவூட்டி’ வேறு பொருள், அது மணியடிக்கும் கருவி. ‘பணிப்பட்டியல்’ என்றால் கம்பெனியில் இருக்கும் வேலைவாய்ப்புகளின் பட்டியலோ என்று தோன்றும். ‘செய்பணி’ என்று சொல்லிப் பாருங்கள். ஊறுகாய், குடிநீர், சுடுசோறு மாதிரி இதுவும் வினைத்தொகை. “காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை” என்கிறது நன்னூல். அதை எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தில் பிறந்தவர் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். செய்த பணி, செய்கின்ற பணி, செய்யும் பணி என மூன்று காலமும் இந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆங்கிலப் பெயரில் இனிச் செய்ய வேண்டியது மட்டுமே இருக்கிறது. டிரெல்லோ பலகையைத் திறந்தால் பலரும் போட்டு வைத்திருக்கும் மூன்று பத்திகளைப் பாருங்கள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது. மூன்றுக்கும் ஒரே பெயராகத் தமிழ் இலக்கணத்தில் ஒரு சொல் தயாராக இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

பல டாஸ்க்குகள் சேர்ந்த புராஜெக்ட் என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘முன்னே எறிந்தது’ என்று பொருள். திட்டம் என்றே சொல்லலாம்.

ஆனால் திட்டத்தையும் செய்பணியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் குழப்பிக்கொண்டு பட்டிருக்கிறேன். ஒரு தடவை ‘குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர்’ என்று ஒரே வரியில் எழுதி வைத்தேன். தினமும் அந்த வரியைப் பார்ப்பேன், கையே ஓடாது, நாளைக்குத் தள்ளிவிடுவேன். ஆர்டர் என்பது ஒரு திட்டம். அதற்குள் நூல் வாங்குவது, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எத்தனையோ இருக்கின்றன. அன்று நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: சாயப்பட்டறைக்குப் போன் பண்ணி லேப் டிப் எப்போது வரும் என்று கேட்பது.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ‘செய்’ என்பது ஏவலும்கூட. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும் என்பதால், வரியின் கடைசிச் சொல்லை மட்டும் பார்ப்பேன். கேள், அனுப்பு, எண்ணு, வாங்கு என்று ஏவலில் முடிந்தால் அது செய்பணி. ‘ஆர்டர்’, ‘பட்டறை’, ‘நூல்’ என்று பெயர்ச்சொல்லில் முடிந்தால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். இன்று காலை என் போனில் மேலே இருந்த வரி: ‘காலர் ரிப் எத்தனை கிலோ மிச்சம் என்று குடோனில் கேள்.’ பதினொரு மணிக்கு அது மூன்றாவது பத்திக்குப் போய்விட்டது.