அலங்காரக் கான்கிரீட்: நாமே போடலாமா, ஆள் வைக்கலாமா?

வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கார் போர்ச்சுக்கு ஸ்டாம்ப் கான்கிரீட் போடணும் சார். ரப்பர் பாயை வாடகைக்கு எடுத்து நாங்களே அழுத்திடலாமா? வீடியோவில் சுலபமாத்தான் தெரியுது." ஈரக் கான்கிரீட்டில் ரப்பர் பாய் அச்சை அழுத்திக் கல் பாவியதுபோலக் காட்டுவதுதான் ஸ்டாம்ப் கான்கிரீட். சதுர அடிக்கு ஆட்கள் சொல்லும் விலை மலைப்பாக இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எடுத்த எடுப்பில் முடியாது என்று நான் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்பேன்: பாதியில் கை ஓய்ந்துபோனால் அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்குமா?

சுவருக்குப் பெயின்ட் அடிப்பது காத்திருக்கும். இன்று ஒரு சுவர், அடுத்த ஞாயிறு இன்னொரு சுவர் என்று அடிக்கலாம். தண்ணீர் பட்ட சிமென்ட் காத்திருக்காது. கான்கிரீட்டில் எதை நாமே செய்யலாம், எதற்கு ஆள் வைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒன்றே முடிவு செய்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 10 அடிக்கு 15 அடி போர்ச், 4 இன்ச் கனம். அது 50 கன அடி கான்கிரீட். எடை ஏறக்குறைய மூன்றரை டன். 1:1½:3 கலவை (சிமென்ட், மணல், ஜல்லி) என்றால் சிமென்ட் மட்டும் 11, 12 மூட்டை பிடிக்கும். இதைக் கலந்து, கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) பார்த்து முடித்த பிறகுதான் அலங்கார வேலையே தொடங்குகிறது. மேலே ஏறி நிற்கும் தண்ணீர் வற்ற வேண்டும். அப்புறம் கலர் ஹார்டனரை (மேற்பரப்பை இறுக்கும் நிறப் பொடி) இரண்டு தடவையாகத் தூவித் தேய்க்க வேண்டும். பாய் ஒட்டாமல் இருக்க ரிலீஸ் பொடி போட வேண்டும். பதம் பார்த்து அச்சு அழுத்த வேண்டும். அந்தப் பதம் மே மாத வெயிலில் சில நேரம் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. வீடியோவில் நாலைந்து பேர் ஓடியாடி வேலை செய்வார்கள், நிழல் இருக்கும், காற்று அடிக்காது. இங்கே இரண்டு பேர் ஒரு ஓரத்தில் அழுத்திக்கொண்டிருக்கும்போதே மறு ஓரம் இறுகிவிடும்.

இப்படி வீணான தளங்களை நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பக்கம் அச்சு ஆழமாக, கல் பாவியதுபோல அழகாக விழுந்திருக்கும். நடுவில் மங்கலாகும். கடைசி மூன்றடியில் மேலோட்டமான தடம்தான் இருக்கும். இறுகும்போது பயந்துபோய்த் தண்ணீர் தெளித்து அழுத்தியிருப்பார்கள். ஆறு மாதத்தில் அந்த இடம்தான் முதலில் பொடிப்பொடியாக உதிர்கிறது. மேல்பூச்சு போட்டு அதைச் சரிசெய்வது சுலபமில்லை. பெரும்பாலும் பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும், இடிபாட்டை அள்ள வண்டி வேண்டும், அப்புறம் முதலில் இருந்து கான்கிரீட். மிச்சம் பிடிக்கப் பார்த்த கூலியைவிட இதற்குச் செலவு அதிகம்.

எல்லாரும் சுலபம் என்று நினைத்து ஏமாறுவது ரெட் ஆக்சைடு தரையில்தான். பொருள் விலை குறைவு. பாட்டி வீட்டில் பார்த்த தரை, கொஞ்சம் காவிப் பொடி, கொஞ்சம் சிமென்ட், கரணையால் இழைத்தால் முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அலங்காரத் தரைகளிலேயே கை நேர்த்தியை அதிகம் கேட்பது அதுதான். கரணையின் அழுத்தம் மாறினால் நிறம் மாறும். சீக்கிரம் இழைத்தால் மேலே சிமென்ட் பால் கூடி முடிக்கிராக் விடும். தாமதித்து இழைத்தால் கருத்த தடங்கள் விழும். ஒரு அறையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், அல்லது பித்தளைப் பட்டி, கண்ணாடிப் பட்டி வைத்துக் கட்டம் பிரித்துக்கொள்ள வேண்டும். நேற்று போட்டதோடு இன்று போடுவது சேரும் இடம் வருடக்கணக்கில் கண்ணை உறுத்தும். பின்னால் ஒட்டுப்போட்டால் ஒட்டு ஒட்டாகவே தெரியும்.

நல்ல கொத்தனார் எல்லாருக்கும் இது வரும் என்றும் நினைக்காதீர்கள். செங்கல் கட்டுவதிலும் பூச்சிலும் கெட்டிக்காரராக இருப்பவர் இந்தத் தரையை ஒரு முறைகூட இழைத்திருக்க மாட்டார். வீட்டுக்கு வீடு டைல்ஸ் வந்த பிறகு இந்தக் கை குறைந்துவிட்டது. தெரிந்த பெரியவர்கள் காரைக்குடிப் பக்கமும் கேரளத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, கேட்கும் கூலியைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வேலை கிடைத்தால்தான் அவர்கள் கூட வரும் இளைஞர்களுக்கும் அது கைவரும்.

சரி, நாமே செய்ய எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது. தோட்டத்து நடைபாதைக் கற்கள் தொடங்குவதற்கு அருமையான வேலை. ஒன்றரை அடிச் சதுரம், 2 இன்ச் கனத்தில் பலகை அச்சு. அரை இன்ச் ஜல்லி. ஒரு கல் 25 கிலோ வரும், தூக்கி வைக்கலாம். ஒன்று கோணலாகிவிட்டால் அந்த ஒன்றுதான் நஷ்டம், அடுத்ததில் கை பழகிவிடும். பூந்தொட்டி, செடியோரம் போடும் சின்ன சிமென்ட் இருக்கை எல்லாம் இந்த வகைதான். கலர் பொடியைக் கைப்பிடி அளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கலவை முழுக்க நிறம் கலக்கும்போது சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்கு உச்ச அளவு, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோ. அதற்கு மேல் போட்டால் நிறம் கூடாது, வலுதான் குறையும். இரும்பு ஆக்சைடு பொடியாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான சாயப் பொடிகள் சிமென்டின் காரத்திலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். எல்லாக் கல்லுக்கும் ஒரே கம்பெனி, ஒரே வகைச் சிமென்ட் வேண்டும். மூட்டை மாறினாலே நிறம் மாறும். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் நன்றாக வெளிறும்.

மொட்டைமாடி விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். மாடியில் அழகுக்காக 2 இன்ச் கான்கிரீட் போட்டால் சதுர அடிக்கு 11 கிலோ எடை கூடும். 400 சதுர அடிக்கு நாலரை டன். உங்கள் கூரை அதற்காகக் கணக்கிடப்பட்டதா என்பதைப் பொறியாளர் பார்க்காமல் எதுவும் செய்ய வேண்டாம். பால்கனிக்கு இது இன்னும் முக்கியம்.

சின்ன வேலையானாலும் உடம்பைக் காப்பது பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈர சிமென்ட் தோலை அரிக்கும். முட்டி போட்டு இழைப்பவர்களுக்கு அப்போது வலிக்காது, மாலையில் புண்ணாகியிருக்கும். ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். தளத்தை ஆசிட் விட்டுக் கழுவுவதைக் காற்றில்லாத இடத்தில் செய்யக் கூடாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. கட்டர் வைத்துக் காய்ந்த கான்கிரீட்டை அறுக்கும்போது பறக்கும் வெள்ளைப் புகையில் சிலிக்கா தூசி இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும், அதைத் திருப்பிக் குணமாக்க வழி இல்லை. தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், தூசி மாஸ்க் போட வேண்டும், கைக்குட்டை போதாது. ஆள் வைத்துச் செய்தாலும் இதைக் கேளுங்கள். கட்டர் பிடிக்கும் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். வீட்டுக்காரர் சொன்னால் மேஸ்திரி கேட்பார்.

ஆள் வைப்பது என்று முடிவானால் போட்டோ ஆல்பத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு மழைக்காலம் தாண்டிய தளம் ஒன்றைக் காட்டச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் இடத்திலேயே 2 அடிச் சதுரத்துக்கு ஒரு மாதிரி போடச் சொல்லுங்கள். ஜாயின்ட், அதாவது கிராக்கை ஒரே கோட்டில் வரவைக்கும் வெட்டு, எங்கே வரும் என்று கேளுங்கள். 4 இன்ச் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு வேண்டும், ஆழம் ஒரு இன்ச். மேலே சொன்ன போர்ச்சில் 15 அடி நீளத்தை நடுவில் ஒரு வெட்டு பிரிக்க வேண்டும், அதையும் அன்றோ மறுநாள் காலைக்குள்ளோ போட்டுவிட வேண்டும். வாட்டம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அடிக்கு ஒரு நூலாவது (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) வேண்டும், 15 அடிக்கு 2 இன்ச் அளவு கேட் பக்கம் இறங்க வேண்டும். "கிராக்கே வராது சார், கேரண்டி" என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கிராக் எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போடுபவர்தான் தொழில் தெரிந்தவர்.

பலருக்கும் நான் சொல்லும் வழி இரண்டையும் பிரித்துக்கொள்வது. தளம் போடுவதும் அச்சு அழுத்துவதும் ஆட்களின் வேலை. க்யூரிங்கும் (தளத்தை ஈரமாகவே வைத்திருப்பது) சீலரும் (மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) உங்கள் வேலை. க்யூரிங்கை வீட்டுக்காரரைப் போல யாரும் செய்ய மாட்டார்கள். வெப்பமான இடங்களில் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்கு அதை 14 நாளாக நீட்டிப்பதைப் பரிந்துரைக்கிறது. முதல் தண்ணீர் என்றைக்கு என்பதை ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ரிலீஸ் பொடியைக் கழுவும் நாளைப் பொறுத்து அது மாறும். தரை ஒரு இடத்தில் ஈரமாகவும் ஒரு இடத்தில் காய்ந்தும் கிடந்தால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும். ரெட் ஆக்சைடு தரைக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதே நல்லது. போர்வெல்லில் உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்பு பூக்கும், லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

சீலருக்கு அவசரப்படாதீர்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ இன்னும் ஈரம் போகவில்லை, அதன் மேல் அடித்தால் சீலர் வெள்ளை பூத்துவிடும். காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன், மெல்லிசாக இரண்டு கோட். வயதானவர்கள் நடக்கும் இடத்தில் வழுக்காமல் இருக்கச் சீலரோடு கலக்கும் மணல்பொடியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கார் ஏறும் தளத்துக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறு கோட் தேவைப்படும். பழைய சீலர் எந்த வகை என்று தெரியாமல் வேறொன்றை அதன் மேல் அடித்தால் உரிந்துவரும். ஆகவே ஆட்கள் கிளம்பும் முன் சீலர் டின்னையும் கலர் மூட்டையையும் போட்டோ எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கலர் பொடியில் இரண்டு கிலோவைக் காற்றுப் புகாத டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.